பிறப்பு குற்றமா? – சீனமும் சிதம்பரமும்

நிலம் கைமாறினால் சாதி தானாகச் செத்துப்போகும் என்று நமக்கு ரொம்ப காலமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அதற்குச் சாட்சியாகக் கைகாட்டப்பட்ட நாடு சீனா. 1967 நக்சல்பாரிக்குப் பிறகு அந்த அரசியல் தென்னாற்காட்டுக்கும் வந்தது. பெண்ணாடத்தை அடுத்த சௌந்தரசோழபுரத்துப் புலவர் கலியபெருமாள் பள்ளி ஆசிரியராக இருந்து அந்த வழிக்குப் போனவர். தூக்குத் தண்டனை வரை போய் மீண்டு 1983-இல்தான் சிறையை விட்டு வெளியே வந்தார். அந்தத் தியாகத்தைக் கொச்சைப்படுத்துவது நம் வேலை இல்லை. அவர்கள் கொண்டுவந்த சீனப் பாடத்தைச் சேரியில் உட்கார்ந்து வாசித்தால் என்ன தெரிகிறது? இதுதான் நம் கேள்வி.

1927-இல் ஹூனான் விவசாயிகளைப் பற்றி எழுதிய மாவோ, சீன மக்களைக் கட்டியிருக்கிற கயிறுகள் நாலு என்றார். அரசின் அதிகாரம், குலத்தின் அதிகாரம், சாமிகளின் அதிகாரம், பெண்ணுக்கு மேலே புருஷனின் அதிகாரம். நம்ம ஊரில் ஐந்தாவதாக ஒரு கயிறு இருக்கு. அது ஆண்டையையும் கூலியையும் மட்டும் பிரிக்கிறதில்லை. கூலியையும் கூலியையும் பிரிக்குது. ஒரே வயலில் ஒரே சேற்றில் நின்ற ரெண்டு பேர் சாயங்காலம் ஒருத்தர் ஊருக்கும் ஒருத்தர் சேரிக்கும் போகிறார்களே, அந்தக் கயிறு. கலியபெருமாளோடு இயங்கிய தமிழரசன் குழுவினரே 1985-இல் மீன்சுருட்டியில் சாதியைத் தனியாக எடுத்துப் பேசி அறிக்கை வைக்க வேண்டி வந்தது இதனால்தான்.

அப்படியானால் சீனாவில் பிறப்பு ஒரு பொருட்டே இல்லையா? இருந்தது. பரீட்சை எழுதித் தேறினால் யாரும் அதிகாரி ஆகலாம் என்று பெருமை பேசிய நாடு அது. ஆனால் பாட்டுக்கார வம்சங்கள், படகிலேயே பிறந்து படகிலேயே சாகிற தான்கா மக்கள், ஷாவ்சிங் பக்கத்துத் துவோமின் மக்கள் ஆகியோரை 'இழிந்தவர்' என்று ஒதுக்கி, பரீட்சை மண்டபத்துக்கு வெளியே நிறுத்தியிருந்தது. 1723 முதல் யோங்ஜெங் சக்கரவர்த்தி இந்த இழிநிலையைச் சட்டப்படி நீக்கினார். நல்ல காரியம். ஆனால் 1771-இல் ஒரு விதி வந்தது: பழைய தொழிலை விட்டாலும் நாலாவது தலைமுறைதான் பரீட்சை எழுதலாம்.

கணக்கைப் பாருங்கள். தாத்தன் விடுதலை ஆனான். பேரன் இன்னும் காத்திருக்கிறான். சிதம்பரத்தில் நந்தனுக்கு என்ன சொன்னார்கள்? நெருப்பில் இறங்கிச் சுத்தமாகி வா என்றார்கள். சக்கரவர்த்தி காலத்தைக் கேட்டான், தில்லை நெருப்பைக் கேட்டது. ரெண்டு பேருக்கும் அடிப்படை ஒண்ணுதான்: அழுக்கு ஒதுக்கினவனிடம் இல்லை, ஒதுக்கப்பட்டவன் உடம்பில் இருக்கிறது. அதே சிதம்பரத்தில் 1916-இல் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கிய சுவாமி சகஜானந்தா, நந்தன் பெயரால் நம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கட்டினார். நெருப்புக்குப் பதில் சிலேட்டு. இந்த மாற்றம் சின்னதல்ல.

இனி நமக்குக் கசப்பான பகுதி. 1950-இல் சீனாவில் நிலச் சீர்திருத்தச் சட்டம் வந்தது. அந்த அரசின் கணக்குப்படி சுமார் 30 கோடி விவசாயிகளுக்குப் பயன் கிடைத்தது. லட்சக்கணக்கானவர்கள் கொல்லப்படவும் செய்தார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் நிலப்பிரபு, பணக்கார விவசாயி, ஏழை விவசாயி என்று ஒரு முத்திரை விழுந்தது. நிலம் போன பிறகும் முத்திரை போகவில்லை. அப்பனிடமிருந்து பிள்ளைக்கு இறங்கியது. கல்லூரி, வேலை, கல்யாணம் எல்லாவற்றிலும் அது குறுக்கே நின்றது. பெய்ஜிங்கில் யூ லுவோகே என்ற இளைஞனுக்கு, பெற்றோர் மேல் வலதுசாரி முத்திரை இருந்ததால் பல்கலைக்கழகக் கதவு திறக்கவில்லை. தொழிற்சாலையில் பயிற்சித் தொழிலாளியாக இருந்துகொண்டே குடும்பப் பின்னணி பற்றி ஒரு கட்டுரை எழுதினான். 1967 ஜனவரியில் அச்சில் வந்தது. பிறப்பை வைத்து மனிதனை அளந்தால், அமெரிக்கக் கறுப்பர், இந்தியச் சூத்திரர், ஜப்பானியத் தீண்டப்படாதவர் நிலைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று அதில் கேட்டான். 1970 மார்ச்சில் அவனைச் சுட்டுக் கொன்றார்கள். வயது 27. 1979-இல் அவன் நிரபராதி என்று அதே அரசு சொன்னது. அந்த வருஷம்தான் அந்த முத்திரைகளும் பெருமளவுக்கு நீக்கப்பட்டன.

இதில் நமக்கு என்ன? நாளைக்கு அதிகாரம் நம் கைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டை மகனை, ஆண்டை மகன் என்பதற்காகவே தண்டிக்கலாமா? கூடாது. அவன் நல்லவனாக இருப்பான் என்பதற்காகச் சொல்லவில்லை. பிறப்பே தீர்ப்பு என்று ஒருதரம் ஒத்துக்கொண்டால், நம்மை ஆயிரம் வருஷமாக மிதித்த சட்டத்துக்கு நாமே கையெழுத்துப் போட்டதாகிவிடும். அவன் வைத்திருக்கிற நிலத்துக்கும், அவன் அனுபவிக்கிற மரியாதைக்கும், கலவரத்தன்று அவன் நின்ற இடத்துக்கும் கணக்குக் கேட்போம். பிறந்ததற்குக் கேட்க மாட்டோம்.

உடனே ஒருத்தர் எழுந்து, "அப்ப இடஒதுக்கீடும் பிறப்பைத்தானே பார்க்குது?" என்பார். பார்க்கிறது. பறித்ததைத் திருப்பிக் கொடுக்க, யாரிடம் பறிக்கப்பட்டது என்று பார்த்துத்தானே ஆகணும்? இடஒதுக்கீடு யாரையும் குற்றவாளி ஆக்கவில்லை. நடந்த கொள்ளைக்குப் பதிவேடு அது. சீன முத்திரையோ பிள்ளைகளையே குற்றவாளி ஆக்கியது.

2020-இல் சிதம்பரம் பக்கம் தெற்குத்திட்டையில் தலித் பெண் ஊராட்சித் தலைவரைக் கூட்டத்தில் தரையில் உட்கார வைத்தார்கள். படம் வெளியே வந்த பிறகுதான் வழக்கு. ஓட்டு கிடைத்தது, பதவி கிடைத்தது, நாற்காலி கிடைக்கவில்லை. சீனாவில் சொத்து போயும் முத்திரை நின்றது. இங்கே பதவி வந்தும் முத்திரை நிற்கிறது. நிலத்தோடும் பதவியோடும் சேர்ந்து முத்திரை தானாக உதிராது. நிலம் முதலில், சாதி பிறகு என்று வரிசை போடுகிற தோழர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும். நாம் நிலத்தையும் கேட்போம், நாற்காலியையும் கேட்போம். ரெண்டும் கிடைக்கிற அன்றைக்கு இன்னொருத்தன் நெற்றியில் முத்திரை குத்த மாட்டோம் என்று இப்போதே முடிவு செய்துகொள்வோம்.