முடிவின் கணக்கு

ஓர் உயிர் நின்றுவிடுவதாலேயே அதன் வாழ்வு முடிந்ததாகுமா, அன்றி நின்றபின் செய்யவேண்டியவையும் முடிவில் அடங்குமா என்னும் வினாவுக்கு ஈழத்துச் சைவ மரபு, இறந்து 31ஆம் நாள் செய்யப்படும் அந்தியேட்டி முதலிய கிரியைகளால் விடை கூறிவருகின்றது. யுனிக்ஸ் இயங்குதளமும் சி மொழியும் இதே வினாவைத் தம் வழியில் எதிர்கொண்டுள்ளன.

இயங்கும் நிரலொன்று தான் முடியும்வேளை நடக்கவேண்டிய பணிகளை முன்கூட்டியே பதிந்துவைக்கலாம். 1989ஆம் ஆண்டின் சி மொழித் தரம் இதற்கென வகுத்த ‘அட்எக்ஸிட்’ என்னும் செயற்கூறு குறைந்தது 32 பணிகளுக்கு இடமளிக்கின்றது. நிரலை முடிக்கும் ‘எக்ஸிட்’ அழைக்கப்பட்டதும் கடைசியாகப் பதிந்தது முதலில் நடைபெறும். பின்னது முன்னதை நம்பி நிற்பதால் அவிழ்ப்பதும் பின்னிருந்தே தொடங்குகின்றது. அதன்பின், எழுதியவை கோப்பை அடையுமுன் தங்கும் நினைவகப் பகுதியாகிய இடையகத்தில் எஞ்சியவை கோப்பிற் சேர்க்கப்படும்.

முல்லைத்தீவு வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் ஐதீகமும் முடித்துவைத்தலையே பேசுகின்றது. மதுரையை எரித்தபின் ஈழம் வந்தவள் நந்திக்கடலோரம் மூதாட்டியாகத் தோன்றி, இடைச் சிறுவர் பொங்கியதை ஏற்று, விளக்குக்கு எண்ணெய் இல்லாதபோது கடல்நீரை வார்க்கச் சொன்னாள் என்பர். வைகாசிப் பொங்கலில் இன்றும் உப்புநீரிலேயே விளக்கெரிவதாக அடியார் நம்புகின்றனர். தீ அணைந்தும் ஆறாத சினம், பிறர் கைச்சோற்றால் ஆறியபோதே மதுரை நிகழ்வு முடிவுற்றது.

ஆயின் ‘சிக்கில்’ என்னும் சமிக்ஞையால் கொல்லப்படும் நிரல், பதிந்துவைத்த பணி ஒன்றையேனும் செய்ய இயலாது. இயங்குதளத்தின் கருவகம் அதன் நினைவகத்தை மீட்டுக் கோப்புகளை மூடிவிடும். இடையகத்திற் கிடந்த எழுத்துகளோ அழிந்தொழியும். எனினும், எவ்வாறு முடிந்தது என்னும் குறிப்பை, அதைத் தோற்றுவித்த தாய்நிரல் ‘வெயிட்’ வழியே கேட்டுப் பெறும்வரை அதன் எண் கருவகத்தின் பட்டியலிலிருந்து நீங்காது; தாய் முந்தி முடிந்திருப்பின், முதலாம் எண்ணுடைய ‘இனிட்’ நிரல் அக்கடனைத் தீர்க்கும்.

2009 மே மாதத்தில் நந்திக்கடற் கரையில் போர் முடிந்தது. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் 2017 மார்ச்சில் முல்லைத்தீவில் தொடங்கிய தொடர் போராட்டத்தில் கேட்டதோ ஒரு பதிலை. இங்கே உவமை புரண்டுவிடுகின்றது: நிரலுலகில் குறிப்பு காத்திருக்கத் தாய் கேளாதிருப்பதே குறை, இங்கோ தாய் கேட்டிருக்கக் குறிப்பு வரவில்லை. நிறுத்துவதற்கு ஆற்றல் ஒன்றே போதும், முடித்துவைப்பதற்கோ நடந்ததைச் சொல்பவரும் வேண்டும். இறந்த திதியே அறியாத வீட்டில் அந்தியேட்டிக்கு நாள் குறிக்க எவராலும் இயலாது.