மணலில் வைக்கப்பட்ட அமானிதம்

மிஸ்ரு நாட்டில், கெய்ரோவுக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தொலைவில், 'வாதீ அல்ஹீத்தான்' என்றொரு பாலைப் பள்ளத்தாக்கு உண்டு. 'ஹூத்' என்பதன் பன்மையே 'ஹீத்தான்'. யூனுஸ் நபி (அலை) அவர்களின் வரலாற்றில் நாம் கேட்டறிந்த 'ஹூத்' தான் அது. நீரற்ற நிலத்துக்குத் திமிங்கிலத்தின் பெயர் எவ்வாறு வந்தது? ஏறத்தாழ 4 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்தது. அதில் நீந்திய திமிங்கிலங்களின் எலும்புகள் கல்லாய்ச் சமைந்து மணலிடையே கிடக்கின்றன.

நிலம் கடலாயிருந்தது என்பது நம் முன்னோர்க்குப் புதிதன்று. அரபுப் பாலையில் கிணறு தோண்டுகையில் வெளிப்படும் மண்ணடுக்குகளையும் சிப்பிகளையும் கொண்டு, அப்பாலை முன்பு கடலாயிருந்தது என அல்பிரூனி ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எழுதினார். கிணறு வெட்டியோரும் அச்சிப்பிகளைப் பார்த்தவர்களே. கண்ணின் பார்வையை 'பஸர்' என்றும், சிந்தித்து நோக்குவதை 'நழர்' என்றும் அரபியர் பிரித்துரைப்பது எத்துணைப் பொருத்தம்!

அப்பள்ளத்தாக்கின் திமிங்கில எலும்புகளை 1902-03 குளிர்காலத்தில் முதலில் கண்டு அறிவித்தவர் பீட்னெல் என்னும் ஆங்கில நிலவியல் அறிஞர். பின்னர் ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் அவை பெரிதும் கவனிக்கப்படாமலே கிடந்தன. அமெரிக்கப் பேராசிரியர் பிலிப் கிங்கரிச்சின் குழுவினர் 1989இல் 'பசிலோசாரஸ்' என்னும் திமிங்கிலத்தின் முழங்கால் எலும்பு ஒன்றைக் கண்டனர். முதுகெலும்பின் எவ்விடத்துக்கு நேரே அது இருந்ததென்று கணித்துக்கொண்டு, தாம் முன்பே வரைபடத்தில் குறித்திருந்த பிற எலும்புக்கூடுகளிடம் மீண்டும் சென்று, அதே இடத்தில் தோண்டினர். 15 மீட்டருக்கும் மேல் நீண்ட உடலில், கணுக்காலும் விரல்களும் உடைய சின்னஞ்சிறு கால்கள்! தரையில் அவ்வுடலைத் தாங்க அவற்றுக்கு வலுவில்லை. திமிங்கிலத்தின் முன்னோர் நிலத்தில் நடந்தவை என்பதற்கு அவை சான்றாயின. இதைக் கேட்டு முகஞ்சுளிப்போர் நம்மிடையே உளர். அவர்கள் அல்பிரூனியை ஒருமுறை படித்துப் பார்க்கட்டும்.

இனி நாம் கேட்க விரும்பும் கேள்வி இது: கண்டெடுத்தவனுக்கே அப்பொருள் சொந்தமா? இடைப்பட்ட ஆண்டுகளில் வழிப்போக்கன் ஒருவன், அழகாயிருக்கிறதே என்று அச்சிறு எலும்புகளைப் பையில் போட்டுச் சென்றிருந்தால் யார் அவனைக் குறை கூறியிருப்பர்? அவன் எடுத்துச் செல்வது கையளவு கல். அழித்துச் செல்வதோ அது கிடந்த இடம். அந்த இடமன்றோ கால்களைக் காட்டிக் கொடுத்தது! கேள்வியே இன்னும் பிறவாத ஒருவருக்குரிய அமானிதம் அது.

எனினும், தொடாமல் விடுவதே அறம் என்றும் சொல்லிவிட முடியவில்லை. எலும்பை வெளிக்காட்டும் காற்றே அதைத் தேய்த்தும் விடுகிறது. எடுக்கத்தான் வேண்டும், இடத்தையும் அடுக்கையும் குறித்துக்கொண்டு, பிறர் வந்து ஆராயக்கூடிய ஓரிடத்தில் வைக்க எடுக்கவேண்டும். 2005இல் யுனெஸ்கோ அப்பள்ளத்தாக்கை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பல எலும்புக்கூடுகள் இன்றும் கிடந்த இடத்திலேயே காட்டப்படுகின்றன.

மிஸ்ரு நாட்டு அறிஞர் ஹிஷாம் சல்லாமின் குழுவினர் 2023இல் அதே பய்யூம் பகுதியிலிருந்து 'டூட்செடஸ்' என்னும் திமிங்கிலத்தை உலகுக்கு அறிவித்தனர். நீளம் 2.5 மீட்டரே; வயதோ 4 கோடியே 10 லட்சம் ஆண்டுகள். பீட்னெல் அங்கே நடந்த காலத்தில் அவர்களுடைய பாட்டனார்கள்கூடப் பிறந்திருக்கமாட்டார்கள்.