குடும்பத்தின் வாக்கும் சமூகத்தின் கடனும்

கொலை நடந்தால் ஓர் உயிர் போயிற்று என்று உலகம் கணக்கெழுதுகிறது. இக்கணக்குச் சரியன்று. கொலையுண்டவன் வீட்டில் அடுப்பு அணைகிறது; பிள்ளையின் படிப்பு நிற்கிறது; பெண்ணின் கலியாணம் தட்டிப் போகிறது. கொன்றவன் வீட்டிலும் ஏறக்குறைய அப்படியே. குற்றம் ஏதுமறியாத தாயைக் "கொலைகாரனைப் பெற்றவள்" என்று தெரு விரல் நீட்டுகிறது. செம்பனைத் தோட்டத்தில் கிராணி வேலை பார்த்து அம்பாங்கில் குடியிருக்கும் நாம், இவ்விருவகை வீடுகளையும் கண்டிருக்கிறோம்.

நிற்க. நம் மலேசியாவில் கொலைக்குத் தூக்கு ஒன்றே தண்டனையாக நெடுங்காலம் இருந்தது. 2018-இல் தூக்கை அடியோடு ஒழிக்கப் போவதாக அரசாங்கம் அறிவித்ததும், கொலையுண்டோர் குடும்பத்தார் சிலர் வெளிப்படையாக எதிர்த்தனர். அவர்கள் கோபத்தை நாம் குறை கூறோம். முடிவில் தூக்கு நீங்கவில்லை; அதன் கட்டாயம் மட்டுமே நீங்கிற்று. 2023 ஜூலை 4 முதல், தூக்கா, அன்றி 30 முதல் 40 ஆண்டுவரை சிறையும் பிரம்படியுமா என்று தீர்மானிக்கும் பொறுப்பு நீதிபதியினுடையது.

இதனின்று ஒரு கேள்வி பிறக்கிறது. தண்டனை விதிக்குமுன், குடும்பத்தார் கேட்டுக்கொண்டால் தம் இழப்பைக் கோர்ட்டில் எடுத்துரைக்க, சட்டத்திருத்தம் ஒன்று இடந்தருகிறது. தூக்குக் கட்டாயமாயிருந்த காலத்தில் அவ்வாக்கு கொலைத் தண்டனையை மாற்ற வழியில்லை. இன்றோ மாற்றக்கூடும். அப்படியாயின், அழுவதற்கு ஆளில்லாதவன் கதி என்ன?

காலைப் பெரட்டில் நாம் கூப்பிடும் பெயர்களில் இந்தோனேசியர் உண்டு, வங்காளதேசத்தார் உண்டு, நேப்பாளியரும் உண்டு. அவர்களில் ஒருவன் கொல்லப்பட்டால், கடலுக்கு அப்பாலுள்ள அவன் தாய் இங்கு வந்து கூண்டேறிப் பேசுவாளா? பேச ஒருவருமில்லை என்பதற்காக அவன் உயிர் எடை குறைந்ததாகுமா? கொலையுண்டவனின் வருணத்தைப் பார்த்துப் பிராயச்சித்தத்தைக் கூட்டிக் குறைத்த மனுவைப் பழிக்கிறோமே! உறவின் பலத்தைப் பார்த்துத் தண்டனையைக் கூட்டிக் குறைப்பது மட்டும் எங்ஙனம் நியாயமாகும்?

ஆனால், குடும்பத்தார் வாய்மூடி இருக்க வேண்டுமா? வேண்டியதில்லை. கொலையின் சேதம் எவ்வளவு தூரம் பரவுகிறதென்பதை அவர்களினும் நன்கறிந்தவர் இலர். அவர்கள் பேசட்டும், நீதிபதியும் கேட்கட்டும். அவ்வாக்கைத் தூக்குக் கயிற்றை அளக்கும் முழக்கோலாகக் கொள்ளாமல், சமூகம் பட்ட கடனைக் காட்டும் சாட்சியமாகக் கொள்வதே முறை. விதவையின் சோறு, பிள்ளையின் பள்ளிச் செலவு, குற்றவாளியின் தாய்க்கு அண்டை வீட்டார் சொல்லும் ஓர் அன்பு வார்த்தை — இவை தூக்கினாலும் வருவன அல்ல, சிறையினாலும் வருவன அல்ல. நாம் கொடுத்தால்தான் உண்டு.

உறவற்றவனுக்குச் சமூகமே உறவு. அவ்வுறவை ஏற்க மனமில்லாதார், கொலைச் செய்தியைப் பத்திரிகையில் படித்து "ஐயோ பாவம்" என்பதனால் யாருக்கு என்ன பயன்?