அயலவனின் கேள்வி

2018 செப்டெம்பரில் மட்டக்களப்பு மாவட்டத்தில் ஒரு ஹர்த்தால் நடந்தது. செங்கலடி - பதுளை வீதியில், பெரிய புல்லுமலையில் கட்டப்பட்டுக்கொண்டிருந்த தண்ணீர் போத்தல் தொழிற்சாலைக்கு எதிராகத் தமிழ்ப் பகுதிகளில் கடைகள் பூட்டப்பட்டன. நிலத்தடி நீரை உறிஞ்சிப் போத்தலில் அடைத்து விற்றால் எங்கள் கிணறுகள் என்னாகும் என்று அவ்வூர் மக்கள் கேட்டார்கள். தொழிற்சாலையின் முதலீட்டாளர் ஒரு முஸ்லிம்.

அந்த நாட்களில் நம்மவர் கூடிய இடங்களில் வேறொரு கேள்விதான் எழுந்தது. இதையே ஒரு தமிழர் கட்டியிருந்தால் எதிர்த்திருப்பார்களா? இதை வெறும் சாட்டு என்று ஒதுக்கிவிட முடியாது. அதே ஆண்டு பெப்ரவரியில், ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் மலட்டு மாத்திரை கலக்கிறார்கள் என்ற பொய்யை நம்பி, அம்பாறை நகரில் கடையையும் பள்ளிவாசலையும் தாக்கினார்கள். மார்ச்சில் திகனையில் வீடுகளும் கடைகளும் எரிந்தன. வெறுப்பு எப்போதும் வெறுப்பு என்ற பெயரோடு வருவதில்லை என்பதைப் பட்டு அறிந்தவர்கள் நாம்.

ஆனால் எவ்வளவு நியாயமான சந்தேகமாக இருந்தாலும், அது முதல் கேள்விக்குப் பதில் ஆகாது. புல்லுமலை வாவிக்கரையிலிருந்து மேற்கே உள்ளே தள்ளியிருக்கும் ஊர். போரில் சிதறி மீண்டும் வந்து குடியேறியவர்கள் அங்கே வாழ்கிறார்கள். கோடையில் பவுசர் வரும் வரை குடத்தோடு காத்திருப்பது அந்தப் பக்கத்து வாழ்க்கை. அப்படிப்பட்டவர்கள் தண்ணீரைப் பற்றிக் கேட்கும்போது, நீ யார் என்று திருப்பிக் கேட்பது அறமாகுமா?

அயலவனுக்கு எது தீங்கு என்பதை நமது சட்ட அறிஞர்கள் மிக நுணுக்கமாக யோசித்திருக்கிறார்கள். தீங்கு செய்வதும் கூடாது, தீங்குக்குத் தீங்கால் பழி தீர்ப்பதும் கூடாது என்ற கருத்துள்ள நபிமொழிதான் அதற்கு அடித்தளம். உஸ்மானிய ஆட்சியில் 1869 முதல் 1876 வரை தொகுக்கப்பட்ட மஜல்லா ஹனபி வழிச் சட்டநூல். நாம் ஷாபிஈகள் என்றாலும் அதிலிருந்து கற்க நிறைய உண்டு. கொல்லனின் சம்மட்டி அடியில் பக்கத்து வீடு பலமிழக்குமானால் அந்தத் தீங்கை அகற்ற வேண்டும் என்கிறது அது. பக்கத்து வீட்டால் நமக்கு வெளிக்காட்சி மறைவதைப் பெருந்தீங்காக அது கொள்வதில்லை. பிடிக்காததெல்லாம் தீங்கு அல்ல என்பது இதன் பொருள்.

கிணறு பற்றியும் அது பேசுகிறது. ஒரு கிணற்றின் எல்லைக்கு வெளியே இன்னொருவர் அனுமதியோடு கிணறு தோண்ட, முதல் கிணற்றின் நீர் அங்கே போய்விட்டாலும் இரண்டாவது கிணற்றை மூடச் சொல்ல முடியாது. பக்கத்தில் புதுக்கடை வந்து பழைய கடையின் வியாபாரம் குறைந்தால் புதுக்கடையைப் பூட்டச் சொல்ல முடியாதல்லவா, அதுபோல என்று உவமையும் தருகிறது. முதலீட்டாளருக்குச் சாதகமான நியாயம்தான். ஆனால் அது கயிறும் வாளியும் இருந்த காலத்து நியாயம். கையால் இறைப்பவனுக்குக் களைப்பு என்றொரு எல்லை இருந்தது. ஆழ்துளைக் கிணற்று மோட்டாருக்கு அது இல்லை.

இந்த இரண்டு நியாயங்களும் கேரளத்தில் நேருக்கு நேர் மோதின. பாலக்காடு மாவட்டத்துப் பிளாச்சிமடையில் 2000இல் கொக்கா கோலா ஆலை இயங்கத் தொடங்கியது. 2002இல் ஆதிவாசிப் பெண்கள் முன்நின்று போராடத் தொடங்கினார்கள். நிலத்தடி நீர் பொதுச்சொத்து என்றும், நிலம் தன்னுடையது என்பதற்காக ஆலை அதை அளவின்றி எடுக்க முடியாது என்றும் 2003 டிசம்பரில் உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் தீர்ப்பளித்தார். 2005இல் அதே நீதிமன்றத்தின் இருவர் அமர்வு அதை மாற்றி, நாளொன்றுக்கு 5 இலட்சம் லீற்றர் வரை எடுக்கலாம் என்றது. ஆனால் 2004 மார்ச்சிலேயே ஆலை நின்றுவிட்டது. நீதிமன்றங்களுக்கே இரண்டு மனம் இருந்த விடயத்தில், கேள்வி கேட்ட ஊரவரை இனவாதிகள் என்று ஒரே சொல்லில் முடித்துவிட நமக்கென்ன அவசரம்?

தண்ணீர் நமக்கும் அந்நியமான விடயமல்ல. கடலுக்கும் வாவிக்கும் நடுவே மணல்மேட்டில் வாழ்கிறோம். அடியில் கிடக்கும் உப்பு நீரின் மேல் நல்ல நீர் மெல்லிய படையாகத்தான் நிற்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் உவர் மேலே வரும். எங்கள் ஒழுங்கையில் மூத்தம்மாவின் மகன் வாகனம் கழுவும் இடம் ஒன்று போட்டார். பகலெல்லாம் மோட்டார் ஓடியது. ஒரு கோடையில் எங்கள் கிணற்றுத் தேத்தண்ணி கரித்தது. போய்ச் சொல்வோமா என்று உம்மாவிடம் கேட்டேன். "என்னத்தச் சொல்ற மகன், நம்மட புள்ளதானே" என்றார். அயலான் வேற்றாளாக இருந்திருந்தால் அன்றைக்கே முறைப்பாடு எழுதியிருப்பேன்.

அந்தத் தராசு இன்னும் என் கையில்தான் இருக்கிறது. 2017இல் கல்குடாப் பகுதியின் கும்புறுமூலையில் எதனோல் தொழிற்சாலை கட்டப்பட்டபோதும் எதிர்ப்பு எழுந்தது. செய்தி சேகரிக்கப் போன ஊடகவியலாளர்கள் தாக்கப்பட்டார்கள். அங்கே எந்தப் பக்கம் நிற்பது என்று நான் ஒரு நிமிடமும் யோசிக்கவில்லை. மது என்பதால் முடிவு இலகுவாக இருந்தது. அடுத்த ஆண்டு புல்லுமலை என்றதும் பெயரைப் பார்த்து யோசித்தேன்.

அயலின் எதிர்ப்பு எல்லாமே நீதியானது என்று நான் சொல்ல வரவில்லை. அதை உரைத்துப் பார்க்க ஒரு கேள்வி போதும். தீங்கு நீங்கினால் எதிர்ப்பும் நீங்குமா? எவ்வளவு நீர் எடுக்கப்படும், கோடையில் நிறுத்தப்படுமா, யார் அளப்பார்கள் என்று கேட்பவர் தீங்கைப் பற்றிப் பேசுகிறார். எந்தப் பதில் கிடைத்தாலும் நீ வரக்கூடாது என்பவர் ஆளைப் பற்றிப் பேசுகிறார். இதே உரைகல் கட்டுபவருக்கும் உண்டு. தீங்கு நிரூபணமானால் நிறுத்துவாயா? அதற்கு ஆம் என்று சொல்லாதவர், என்னை இனத்துக்காக எதிர்க்கிறார்கள் என்று முறையிடும் உரிமையைப் பாதி இழக்கிறார்.

மட்டக்களப்பில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் தாய்வழிக் குடிமுறை பொது. மகளுக்கு வீடு கொடுத்துப் பக்கத்து வளவில் குடியிருத்துகிறோம். ஒழுங்கை முழுக்கச் சாச்சியும் ராத்தாவுமாக இருப்பதால், அயலவரிடம் நாம் காட்டுவது பெரும்பாலும் உறவுப் பாசம்தான். மார்க்கம் சொல்லும் அயலவனின் உரிமை, உறவு முடியும் இடத்தில்தான் சோதனைக்கு வருகிறது. என் தீங்கிலிருந்து என் அயலவன் அச்சமற்று இருக்கிறானா என்பதை நான் சொல்ல முடியாது. அவன்தான் சொல்ல வேண்டும். அவன் அதைத் தமிழர் கூட்டத்தில் நின்று கோபமாகச் சொன்னாலும், கேட்க வேண்டியவன் நான்.