கேள்வியின் பயன்

புகழ்வாய்ந்த ஞானாசிரியர் ஒருவரின் சொற்பொழிவுக்குத் திரள்வோர் யாவரும் கேட்டோர் ஆவரோ என்பது ஈண்டு நாம் ஆராயப் புகும் வினா. கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டைகூடல் என ஞானநெறியை நால்வகைப்படுத்துவர் சித்தாந்த ஆசிரியர். செவியளவில் நின்றுவிடும் இன்பம் இவற்றுள் முதற்படியும் ஆகாது.

சிவகாசியிற் பகலெல்லாம் பட்டாசுத் தொழிலில் உழைத்து, மாலையிற் பந்தலின் கடைக்கோடியில் வந்தமரும் அன்பர், உயிர்க்கு உறுதியாவதொன்று கிடைக்குமென்றே செவிசாய்க்கின்றார். அவரை நகைச்சுவையும் கைதட்டலுமே கொண்டு மீளச்செய்தல் பேசுவோர்க்கு அறமன்று. கூட்டம் சேர்தலே நன்றன்றோ எனின், நன்றே. ஆயினும் அது வாயில் மட்டுமே.

சிவகாசி அடங்கிய விருதுநகர் மாவட்டத்திலேயே, சுந்தரமூர்த்தி நாயனார் பதிகம் பெற்ற திருச்சுழியல் உளது. ஆங்கு 1879-இல் பிறந்த இரமண மகரிஷி, 1896 முதல் 1950-இற் சமாதியடையும்வரை திருவண்ணாமலையிலேயே உறைந்தார். மேடையேறிப் பேசும் வழக்கம் அவர்க்கில்லை, பெரிதும் மோனத்திருந்தார், வந்து வினவினோரை, ‘நான் யார்’ எனத் தம்மையே வினவிக்கொள்ளுமாறு திருப்பினார். அவர்தம் கொள்கையோடு சித்தாந்தம் வேறுபடும் இடங்கள் உள. எனினும், சிந்தனையைக் கேட்டவரிடமே ஒப்படைத்த அம்முறை நமக்கும் உடன்பாடே.

ஆதலின், சொற்பொழிவு நடத்தும் மடங்களும் சபைகளும், பேச்சு முடிந்தபின் கேட்போர் ஐயம் வினவுதற்கென ஒரு நாழிகையேனும் ஒதுக்குதல் வேண்டும். கடைக்கோடியில் இருந்தவர்தம் வினாவை முதற்கண் ஏற்றல் சாலச் சிறப்பு.