கவிழ்த்து வைத்த ஆறு

இரவு ஷிஃப்ட் முடிந்து ஒரகடத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வீட்டுக்கு வந்தால், பையன் பாயில் போகிமான் சீட்டுகளோடு காத்திருப்பான். எதிராளி நான்தான்.

கட்டுக்கு அறுபது சீட்டு. கலைத்து, கைக்கு ஏழு எடுத்து, ஆறைப் பார்க்காமலே கவிழ்த்து ஒதுக்க வேண்டும். எதிராளியின் போகிமானை வீழ்த்தினால்தான் அதிலிருந்து எடுக்கலாம். ஒற்றையாக வைத்திருக்கும் முக்கியச் சீட்டு அந்த ஆறில் போய்ச் சிக்க ஏறக்குறைய பத்தில் ஒரு வாய்ப்பு. நான் தர ஆய்வில் இருப்பவன். பத்தில் ஒன்று பழுது என்றால் லைனையே நிறுத்திவிடுவேன். இவன் “விடுப்பா” என்கிறான். புள்ளி சேர்த்து உலகப் போட்டிக்குப் போகிற கனவு வேறு. 2023இல் அந்தப் போட்டி யோகோஹாமாவில் நடந்தது.

1017இல் வைணவ ஆசாரியர் ராமானுஜர் பிறந்த ஊர் எங்கள் ஸ்ரீபெரும்புதூர். அவருக்குப் பின் வைணவத்தின் வடகலையும் தென்கலையும் வாதிட்டது, நம் முயற்சி எவ்வளவு, அருள் எவ்வளவு என்பதைத்தானே? குரங்குக்குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்கிறது. பூனைக்குட்டியைத் தாய் கவ்விப் போகிறது. கட்டை அமைப்பது குரங்கு, கலைத்தபின் பூனை என்று கொஞ்ச நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். சரியில்லை. பூனைக்குத் தன் குட்டியைத் தெரியும். கலைத்த கட்டுக்கு யாரையும் தெரியாது. அதிர்ஷ்டத்தை அருள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

போன ஞாயிறு அவன் தேடிய சீட்டு அந்த ஆறில்தான் இருந்தது. என் போகிமானை வீழ்த்திவிட்டு, ஆறின் முதுகையும் விரலால் தடவினான். கண்ணை மூடி ஒன்றை எடுத்தான். அது இல்லை. என்னைப் பார்த்துச் சிரித்தான்.