இன்னும், இனித்தான்

எங்கள் ஊரில் பிள்ளைகளைப் பற்றிப் பேச இரண்டு சொற்கள் போதுமாக இருந்தன. ஒன்று கெட்டிக்காரன், மற்றது மொக்கு. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சையோடு இரண்டில் ஒன்று பிள்ளையின் நெற்றியில் ஒட்டப்பட்டுவிடும். பிறகு அதை உரிப்பது கடினம். இலண்டனில் வளரும் எங்கள் பிள்ளைகளுக்குப் பாடசாலையில் நேரெதிராகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். மூளை தசையைப் போன்றது, பழகப் பழக வலுப்படும், பிழை விட்டால் வெட்கப்படத் தேவையில்லை என்று வகுப்பறைச் சுவர்களில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். வளர்ச்சி மனப்பாங்கு என்று இதைத் தமிழில் சொல்லலாம். அமெரிக்க உளவியலாளர் கரோல் டுவெக் 2006 இல் எழுதிய நூல் வழியாகப் பரவிய கருத்து இது. இதை நம்புகிறாயா என்று நண்பர் ஒருவர் கேட்டார். பாதி நம்புகிறேன் என்றேன். எந்தப் பாதி என்று எனக்கே தெளிவாக்கிக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

நம்பும் பாதிக்கு ஒரு பரிசோதனை காரணம். கிளாடியா முல்லரும் டுவெக்கும் 1998 இல் வெளியிட்டது. பத்து, பதினொரு வயதுப் பிள்ளைகளுக்குச் சில புதிர்களைக் கொடுத்தார்கள். எல்லோரிடமும் நன்றாகச் செய்தாய் என்றார்கள். சிலரிடம் மட்டும், நீ கெட்டிக்காரப் பிள்ளையாக இருக்க வேண்டும் என்று சேர்த்துச் சொன்னார்கள். வேறு சிலரிடம், நீ நன்றாக முயன்றிருக்கிறாய் என்றார்கள். பிறகு கடினமான புதிர்கள் வந்தன, எல்லோரும் இடறினார்கள். அதன் பின்னர் முதலில் கொடுத்தது போன்ற எளிய புதிர்களையே மறுபடி கொடுத்தபோது, கெட்டிக்காரர் எனப்பட்டவர்களின் புள்ளிகள் முன்பிருந்ததைவிடக் குறைந்தன. முயற்சிக்காகப் பாராட்டப்பட்டவர்களின் புள்ளிகள் கூடின.

இதைவிட என்னை நிறுத்தி வைத்தது அதே ஆய்வின் இன்னொரு பகுதி. இன்னொரு பாடசாலைப் பிள்ளைக்கு உன் அனுபவத்தை எழுது, உன் புள்ளியையும் குறிப்பிடு என்று கேட்டார்கள். எழுதுபவர் யார் என்று வாசிப்பவருக்குத் தெரியாது. ஆயினும் கெட்டிக்காரர் எனப்பட்டவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 40 பேர் புள்ளியைக் கூட்டி எழுதினார்கள். முகம் தெரியாத ஒருவருக்கு, எந்த இலாபமும் இல்லாமல் ஒரு பொய்! புள்ளி அவர்கள் செய்த வேலையின் அளவாக இருக்கும்வரை பொய் தேவைப்படவில்லை. புள்ளியே அவர்கள் ஆகிவிட்ட பிறகு அதைக் காப்பாற்ற வேண்டியதாயிற்று.

இதை வாசித்தபோது எனக்கு ஞாபகம் வந்தவர்கள் பிள்ளைகள் அல்லர். தொண்ணூறுகளில் தொலைபேசி அட்டை சுரண்டி ஊருக்குக் கதைத்த எங்கள் ஆட்கள்தான். உணவகத்தில் கோப்பை கழுவிவிட்டு வந்து, "ஒரு கொம்பனியில வேலை அம்மா" என்று சொன்னவர்கள் எத்தனை பேர். அதில் பாதி அம்மாவின் மனதை நோகடிக்காத அன்பு. மற்றப் பாதி, ஊரில் கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கியவன் கோப்பை கழுவக் கூடாது என்ற பயம். அந்தப் பயத்தால் சிலர் மொழி வகுப்புக்குக்கூடப் போகவில்லை. முதல் வகுப்பில் சின்னப் பிள்ளையைப் போல உட்கார்ந்து தடுமாறுவது அவர்களுக்குத் தாங்காது. "எனக்கு ஆங்கிலம் தெரியும்" என்று சொல்லிச் சொல்லியே தெரியாமல் இருந்துவிட்டார்கள்.

ஆகவே, ஒரு மனிதனின் திறமை கல்லில் வெட்டியது அல்ல என்ற செய்தியை நான் இரு கைகளாலும் ஏற்கிறேன். எனக்குச் சங்கடம் அதற்கு அடுத்த படியில் வருகிறது. வளர முடியும் என்பது ஓர் உண்மை. வளராதவன் குற்றவாளி என்பது ஒரு தீர்ப்பு. முதலாவதிலிருந்து இரண்டாவது தானாகப் பிறப்பதில்லை. ஆனால் பேச்சில் இரண்டும் ஒன்றாக ஒட்டிக்கொண்டு வருகின்றன. யாழ்ப்பாணத்தில் கணக்காளராக இருந்த என் உறவினர் ஒருவருடைய தகைமையை இங்கே யாரும் கணக்கில் எடுக்கவில்லை. பல்பொருள் அங்காடியில் இரவில் தட்டுகளுக்குப் பொருள் அடுக்கினார். வேலை தேட உதவும் அலுவலர் ஒருவர், "உங்கள் மனப்பாங்கை மாற்றிப் பாருங்கள்" என்றாராம். அவர் வீட்டுக்கு வந்து எங்களிடம் கேட்டார்: "என்ர மனப்பாங்கு சரி. அவங்கட படிவத்தில என்ர பட்டத்துக்கு ஒரு பெட்டி இல்லை. அதுக்கு நான் என்ன செய்யிறது?"

எங்கள் சமூகத்தைப் போல முயற்சியை நம்பியவர்கள் குறைவு. தொண்ணூறுகளில் குடாநாட்டில் மின்சாரம் இல்லாதபோது ஜாம்போத்தல் விளக்கில் படித்தவர்கள் நாங்கள். அதற்கு முந்திய தலைமுறையும் அப்படித்தான் படித்தது. 1970களின் தொடக்கத்தில் தரப்படுத்தல் வந்தபோது, மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் தமிழ்மொழி மூலம் தோற்றியவர் சிங்களமொழி மூலம் தோற்றியவரைவிடக் கூடுதல் புள்ளி எடுக்க வேண்டியிருந்தது. அந்தப் பையனிடம் இன்னும் முயன்றிருக்கலாம் என்று சொல்பவர், கணக்கில் ஒரு பக்கத்தை மறைத்துவிட்டுக் கூட்டுகிறார்.

ஆய்வுகளும் இந்த அளவுக்குத் தாழ்மையாகத்தான் பேசுகின்றன. அமெரிக்காவில் ஏறத்தாழ 12,000 ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் நடத்தி 2019 இல் வெளியான பெரிய ஆய்வில், ஒரு மணிநேரத்துக்கும் குறைந்த இணையப் பாடம் பின்தங்கிய மாணவரின் சராசரியை 0.1 அளவுக்கு உயர்த்தியது. சிறியது, ஆனால் செலவும் சிறியது. அதுவும் சக மாணவர்கள் கடினமானதை முயல்வதை மதிக்கும் பாடசாலைகளில்தான் கூடுதலாகப் பலித்தது. அதே ஆண்டில் இங்கிலாந்தில் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் செய்த பரிசோதனையில் மேலதிக முன்னேற்றம் எதுவும் தெரியவில்லை. ஒப்பிட எடுத்த மற்றப் பாடசாலைகளிலும் இதே பேச்சு ஏற்கெனவே புழங்கியது ஒரு காரணமாக இருக்கலாம் என்றார்கள். எப்படியிருந்தாலும், விதையை மட்டும் பார்த்து நிலத்தைப் பாராதவர் விவசாயம் செய்யாதவர்.

வள்ளுவர் ஊழுக்கு ஓர் அதிகாரம் எழுதினார், அது 38ஆவது. 62ஆவதாக ஆள்வினையுடைமை. முன்னதில் விதியை வெல்ல வழியில்லை என்கிறார், பின்னதில் சோராமல் உழைப்பவர் விதியையே புறங்காண்பார் என்கிறார். இது முரண்பாடு என்று பட்டிமன்றம் வைத்துக் களைத்துவிட்டோம். எனக்குப் படுவது வேறு. 62ஐ என்னை நோக்கிச் சொல்லிக்கொள்ளலாம். அடுத்தவனைப் பார்க்கும்போது 38 கையில் இருக்க வேண்டும். நாங்கள் வழக்கமாகச் செய்வது மறுபக்கமாக. எனக்கு வராதது என் தலைவிதி, அவனுக்கு வராதது அவனுடைய சோம்பல்.

சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் நான் படிப்பிக்கிறேன். "எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது" என்று பிள்ளை சொன்னால், "இன்னும் தெரியாது என்று சொல்" என்று திருத்துவது இந்த முறையின் பெயர்பெற்ற உத்தி. ஆங்கிலத்தில் அந்தச் சின்னச் சொல் கதவைத் திறந்து வைக்கிறது. தமிழில் சொல்லிப் பார்த்தபோது பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தி முகத்தைச் சுளித்தாள். "சேர், இன்னும் எண்டா ஏசுற மாதிரிக் கிடக்கு" என்றாள். அவள் சொன்னது சரி. இன்னும் முடிக்கேல்லையோ, இன்னும் எழும்பேல்லையோ, இன்னும் கலியாணம் சரிவரேல்லையோ. எங்கள் மொழியில் அந்தச் சொல் கையில் தடியோடு நிற்கிறது. ஒரு கிழமை யோசித்துவிட்டு, "இனித்தான்" என்று மாற்றினோம். "எனக்கு ழகரம் இனித்தான் வரும்." அதில் தாமதமானதற்கான கணக்குக் கேட்பு இல்லை. இப்போது பிள்ளைகள் அதைப் பகிடியாகவும் பாவிக்கிறார்கள். வீட்டுவேலை செய்தாயா என்றால், "இனித்தான் சேர்."

இதெல்லாம் இனி வர விரும்புபவர்களுக்கு. விரும்பாதவர்களை என்ன செய்வது? என் அம்மா 1999 இல் இலண்டன் வந்தார். ஆங்கிலம் படிக்கவில்லை. 65 வயதைத் தாண்டியவர்களிடம் பிரித்தானியக் குடியுரிமைக்கு மொழித் தகைமை கேட்பதில்லை என்பதால் சட்டமும் அவரை விட்டுவிட்டது. நான் விடவில்லை, இரண்டு வகுப்புகளுக்கு விசாரித்தேன். "எனக்குக் காணும் மோனை" என்றார். நிலைத்த மனப்பாங்கு என்று எழுதிவிடலாம். ஆனால் இதே மனுசி பேரப்பிள்ளையிடம் வாட்சப் பழகினார், எந்த பஸ் எந்தக் கோவிலுக்குப் போகும் என்று இலக்கத்தை வைத்தே மனப்பாடம் செய்தார், குளிரில் கறிவேப்பிலைக் கன்றுகள் இரண்டு பட்டுப்போன பிறகு மூன்றாவதைச் சமையலறை ஜன்னலோரம் வைத்துத் தப்பவைத்தார். அவருடைய முயற்சிக்கு எல்லையை அவரே போட்டுக்கொண்டார், அவ்வளவுதான். வளர்ச்சியைப் பற்றிய நூல்களில் "காணும்" என்ற சொல்லுக்கு நான் இடம் கண்டதில்லை. எங்கள் பாட்டிமாருக்கு அது ஒரு தோல்வியாகத் தோன்றியிருக்காது.

போன மாதம் வகுப்பு விபரம் அடங்கிய தாளை மேசையில் கண்டேன். அம்மா அதை மடித்து, கறிவேப்பிலைச் சாடிக்குக் கீழே தண்ணீர் ஒழுகாமல் வைத்திருந்தார்.